கிடார்: வாசித்தவர் தெரியவில்லை

6, ஆசிரியர் குடியிருப்பு
பிப்ரவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

நலம்தானே? போனே வேண்டாம் என்று இருக்கிறாய், அதனால் எழுதுகிறேன். உட்கார்ந்துகொண்டு படி.

நேற்று ரெக்கார்டுக் கடை ஜன்னலில் உன் முகம்! இருபத்தாறு வருஷத்துக்கு முன் நீயே எழுதிப் பாடி, ஐம்பது தட்டுகூட விற்காமல் போனதே, அதே ஆல்பம். யாரோ தேடிப்பிடித்துப் புது இசைத்தட்டாகப் போட்டிருக்கிறார்கள். அட்டையில் 'காணாமல் போன பாடகி' என்று உன்னைப் பற்றி ஒரே புகழ்ச்சி. வாங்கிவந்து மூன்று தடவை கேட்டேன். நன்றாகத்தான் பாடியிருக்கிறாய்.

பின்னட்டையில், 'கிடார்: வாசித்தவர் தெரியவில்லை.' தெரியவில்லையாம்! ஒன்பது பாட்டுக்கும் விரல் கிழிய வாசித்தவன் நான். அன்றைக்கும் என் பெயரைப் போடவில்லை. நீயும் ஏன் என்று கேட்கவில்லை. ஆசிரியர் அறையில் சொன்னால் கணக்கு வாத்தியார் சிரிக்கிறார்: "நீங்க கிடாரா? சாக்பீஸைத் தவிர வேற எதையாவது பிடிச்சிருக்கீங்களா சார்?"

நான்தான் வாசித்தேன் என்று உன் கையால் ஒரு வரி எழுதி அனுப்பு. அது போதும்.

உன் தம்பி


தையல் கடை மாடி
14, பாலத்தடித் தெரு
பிப்ரவரி 17

அன்புத் தம்பிக்கு,

ஆமாம்டா, ஒன்பது பாட்டுக்கும் நீதான் வாசித்தாய். இல்லை என்று யாராவது சொன்னால் என்னிடம் அனுப்பு.

ஆனால் உன் கடிதம் வந்ததிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மூன்றாவது பாட்டு, கல்யாணமான புதிதில் அவருக்காக எழுதியது. அதே மனிதர் என் கழுத்தில் கை வைத்ததும் நான் தப்பி ஓடியதும் உனக்குத் தெரியும். நான் செத்துவிட்டதாக அவர் நம்புகிறார் என்ற தைரியத்தில்தான் இங்கே உட்கார்ந்து பட்டன் தைத்துக்கொண்டிருக்கிறேன். நான் உயிரோடு இருப்பதை யாரிடமும் சொல்லாதே. அந்த இசைத்தட்டுக் கம்பெனிக்காரர்களிடம் சொல்லவே சொல்லாதே. உன் காலில் விழுகிறேன்.

அக்கா


6, ஆசிரியர் குடியிருப்பு
ஏப்ரல் 20

அக்கா,

இதைப் படித்த உடனே கிளம்பு.

உன் கடிதத்தைக் கம்பெனிக்குச் சாட்சியாக அனுப்பினேன். நீ கெஞ்சியிருந்த கீழ்ப்பாதியைக் கத்தரித்துவிட்டுத்தான் அனுப்பினேன். ஜாக்கிரதையாக இருந்ததாக நினைத்தேன். இரண்டாம் பதிப்பு கடைக்கு வந்து பத்து நாளாகிறதாம், நேற்றுத்தான் என் கைக்குக் கிடைத்தது. உள்ளட்டையில் உன் கடிதத்தின் மேல்பாதியை அப்படியே அச்சடித்திருக்கிறார்கள். பக்கத்தில் என் பெயர். முதலில் அதைத்தான் பார்த்தேன். இரண்டு தடவை படித்தேன். அப்புறம்தான் மேல் மூலை கண்ணில் பட்டது. பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தபடி எப்போதும் முதலில் எழுதுவாயே, அந்த முகவரி.

கம்பெனிக்காரனிடம் போனில் கத்தினேன். "பார்க்க அழகா இருந்துச்சு, அதான் போட்டோம் சார். பழைய ரசிகர் ஒருத்தர்கூட, இது இப்போ இருக்கிற விலாசமான்னு போன வாரம் கேட்டாரே" என்கிறான்.

நானே வந்திருப்பேன். என் பின்னாலேயே அவர் வந்துவிடுவாரோ என்று பயமாயிருக்கிறது. தப்பு என்னுடையதுதான். அவர்கள் மட்டும் அன்றைக்கே என் பெயரைப் போட்டிருந்தால்... சரி, அதெல்லாம் இப்போது எதற்கு. கிளம்பு அக்கா.

தம்பி


புதன்கிழமை

தம்பி,

உன் விரைவுத் தபால் இன்று காலை வந்தது. அவர் நேற்றே வந்துவிட்டார்.

நான் உள்ளறையில் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். வெளியே கடைக்கார அம்மாவிடம் ஒரு குரல்: "பட்டன் போயிருக்கும்மா. அவசரமில்லை. மாடியில இருக்கிறவங்க கையாலேயே தைக்கட்டும். வியாழக்கிழமை வரேன்." முடி நரைத்திருக்கும். குரல் நரைக்கவில்லை. மூன்றாவது பாட்டை முணுமுணுத்துக்கொண்டே தெருவில் இறங்கிப் போனார்.

அந்தச் சட்டை என் மடியில் இருக்கிறது. பட்டன் எல்லாம் சரியாக இருக்கிறது. ஒன்றுகூடப் போகவில்லை.

பையைக் கட்டிவிட்டேன். போய்ச் சேர்ந்ததும் எழுதமாட்டேன். நீயும் தேடாதே.

உன் பெயர் வந்துவிட்டது, இனி அந்தக் கணக்கு வாத்தியார் சிரிக்கமாட்டார். ஐந்தாவது பாட்டில் ஓர் இடத்தில் பயத்தில் என் குரல் உடைந்துவிட்டது, ஞாபகம் இருக்கிறதா? சட்டென்று நீ ஓங்கி வாசித்து அதை மூடிவிட்டாய். ஸ்டூடியோக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த ஒருவருக்கும் தெரியவில்லை.

அன்றைக்கு நீ என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

அக்கா