மாத்திரையோடு நீட்டிய டீ

என்மேல் கோபத்தைக்கூடக் காட்டாமல் அக்கா வீட்டுக்குப் போனவளுக்கு,

உடம்பு தேறுகிறதா? இங்கே எல்லாம் நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன்.

கம்பெனியின் புது டீ பாக்கெட் வந்துவிட்டது. ‘ஃப்ளேவனாய்டு நிறைந்தது, இதயத்துக்கு இதம்’ என்று நான் எழுதிக் கொடுத்த வரி பின்பக்கம் பளிச்சென்று இருக்கிறது. அந்தப் பெருமையில்தானே தினமும் காலையில் உன் இரும்புச்சத்து மாத்திரையோடு டிகாஷன் தூக்கலாக டீ போட்டு நீட்டினேன்.

ரத்தம் ஏறவில்லை என்றதும், “மாத்திரைய தூக்கிப் போட்டிருப்பா டாக்டர்” என்று உன் எதிரிலேயே சொன்னேன்.

அவர் உன்னைத்தான் கேட்டார். “டீயோட முழுங்குறீங்களா? அதுல இருக்கிற ஃப்ளேவனாய்டு இரும்ப உடம்புல சேர விடாதும்மா.”

என்னை ஒரு பார்வை பார்த்தாய். “இல்ல டாக்டர், தண்ணியோடதான்.”

ஊசி எழுதிக் கொடுத்துவிட்டார். வாராவாரம் நீ போட்டுக்கொள்கிறாய்.

இன்று அவர் அறை வாசல்வரை போய்த் திரும்பிவிட்டேன். நாள் முழுக்க டீயை ருசி பார்த்துக் குறை சொல்லியே சம்பளம் வாங்குகிற நாக்கு, அங்கே எழவில்லை.

அடுத்த முறை போகும்போது நீயே சொல்லிவிடேன்.

உன் வீட்டுக்காரன்