ரோஜாத் தொட்டியில் ஊற்றிய தண்ணீர்

ஏம்மா,

"இந்த வயசுல ஆபரேஷன் வேணாங்க" என்றாய். நான் கேட்கவில்லையென்று மூன்று நாளாகப் பேச்சில்லை. அதனால் எழுப்பாமல் கிளம்புகிறேன். என் தம்பி துணைக்கு வருகிறான்.

"கிட்னிக் கல்லை எடுத்துடலாம், இதயம் தாங்குமான்னு சொல்ல முடியாது" என்றார் டாக்டர். உன்னிடம் மறைத்தேன்.

இன்னொன்றும் மறைத்தேன். நீ தினமும் பாட்டிலில் நிரப்பி வைத்த தண்ணீரை ரோஜாத் தொட்டியில்தான் ஊற்றினேன். முப்பது வருஷம் பஸ் ஓட்டியவன். நடுவழியில் இறங்க முடியாதென்று தண்ணீர் குடிக்காமலே பழகிவிட்டேன். செடி அழுகியபோது, "எனக்குக் கைராசியே இல்லைங்க" என்று அழுதாய்.

சாவி செருப்பு அலமாரி மேல் இருக்கிறது. சாப்பிட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கு வா.

பி.கு.: இன்றைய பாட்டிலை எடுத்துப் போகிறேன். ஆபரேஷன் முடியும்வரை ஒரு சொட்டுக்கூடக் குடிக்கக் கூடாதாம். சும்மா பக்கத்தில் இருக்கட்டும்.