உன் முறைக்காக நிறுத்திய நாயனம்

மோகனூர்,
தாது வருஷம் ஆனி மாதம் 5ஆம் தேதி.

கொழும்பிலிருக்கும் சிரஞ்சீவி கந்தவேலுக்கு அப்பன் மாதையன் ஆசீர்வதித்து எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாளும் காவேரியில் தண்ணீர் குறைந்து போனதைத் தவிர வேறு குறையில்லாமல் இருக்கிறோம், நீயும் அங்கே மூச்சுக்கும் உடம்புக்கும் ஒரு கெடுதலுமில்லாமல் வாசித்துக்கொண்டிருப்பாய் என்று நினைக்கிறேன். உன் பங்குனிக் கடிதம் கிடைத்தது. சித்திரை பிறந்ததும் கப்பலேறுவதாக எழுதியிருந்தாய், சித்திரையும் போய் வைகாசியும் போயிற்று, போன வருஷமும் இதே சமயத்தில் இதையேதான் எழுதியிருந்தாய், கடுதாசி மட்டும் புதிது.

இந்தக் கோடையில் எங்களுக்கு ஓயாத ஓட்டம். முகூர்த்தத்துக்கும் திருவிழாவுக்கும் நடுவே ஊருக்கு வந்து போக நேரமில்லாமல் செவ்வாய்ப்பேட்டைச் சத்திரத்திலேயே பத்து நாள் தங்கிவிட்டோம். கோடையில் அந்தச் சத்திரம் எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும், சுற்றுவட்டார நாயனக்காரர் தவில்காரர் எல்லாரும் அங்கேதான், வெயிலுக்குப் பயந்து பகலில் ஒருவரும் வெளியே தலைகாட்டுவதில்லை, படுத்துக்கொண்டும் சாய்ந்துகொண்டும் பேச்சுத்தான். யாருக்கு வில்வண்டி அனுப்பினார்கள், யாரை மூன்று மைல் நடக்க விட்டார்கள், எந்தக் கல்யாணத்தில் மேளக்காரருக்குப் பந்தி போடுவதற்குள் ரசம் தீர்ந்துவிட்டது, எல்லாம் அலசியாயிற்று. ஒருவர் ஆத்தூர் பஸ்ஸின் மேலே தவிலைக் கட்டிவிட்டாராம், இறக்கிப் பார்த்தால் வெயிலில் ஒரு பக்கத் தோல் வெடித்துக் கிடந்ததாம், மறு பக்கத்தை மட்டும் அடித்தே தாலிகட்டு வரைக்கும் ஒப்பேற்றினாராம். பெண் வீட்டார் கண்டுபிடிக்கவில்லை என்பதில் அவருக்கு அத்தனை பெருமை. இப்படிச் சிரித்துக்கொண்டிருந்தபோது கொழும்பிலிருந்து திரும்பியிருந்த தவில் பெரியசாமி என்னைப் பார்த்து, "உங்க பையன் அந்தக் கோயில்லயே நெலையா ஒக்காந்துட்டாருங்களே, பக்கத்துலயே ஊடுகூடப் பாத்துட்டாருங்க" என்றார். எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். "அதெல்லாம் அப்பவே எழுதிட்டானுங்க" என்று சொல்லிவிட்டு வெற்றிலை மடித்தேன். பொய்தான். சுருக்கென்றது, ஆனாலும் அன்று சாயங்காலக் கச்சேரியை ஒழுங்காகவே வாசித்தேன்.

அதற்கு நாலாம் நாள் தம்மம்பட்டிக்கு அந்தப் பக்கத்து ஊரில் மாரியம்மன் திருவிழா. உன் இடத்தில் இப்போது வாசிப்பவன் சின்னான், இராசிபுரத்துப் பக்கத்துப் பையன், நல்ல மூச்சு, மரியாதை கொஞ்சம் அதிகம். அந்த ஊர் வழக்கம் உனக்கு ஞாபகம் இருக்கும், நாயனம் ஒலிக்கிற வரைக்கும் பல்லக்கு நடக்கும், நாயனம் நின்றால் பல்லக்கை இறக்குவார்கள், இறக்கின வாசலில்தான் தேங்காய் உடைப்பது, அந்த உரிமை நாலே வீட்டுக்கு. பன்னிரண்டு வருஷமாக அந்த நாலு வாசலைத் தவிர வேறெங்கும் நான் நிறுத்தியதில்லை. மஞ்சள் நீராட்டு அன்று காலை இரண்டாம் தெருவில் தோடி வாசித்துக்கொண்டு போனேன். மேல் ஸ்தாயிக்குப் போய்ச் சுற்றிவிட்டு இறங்கி, வழக்கமாக உனக்கு விடுகிற இடத்தில் நாயனத்தை வாயிலிருந்து எடுத்துவிட்டு இடது பக்கம் திரும்பினேன். நீயாக இருந்தால் என் மூச்சு முடிவதற்குள் எடுத்திருப்பாய். சின்னான், பெரியவர் இளைப்பாறுகிறார் என்று அடக்கமாக நின்றான், அதைப் பார்த்துத் தவிலும் நின்றது, சுருதிக்கு ஊதுகிற ஒத்து மட்டும் தனியாக ஊதிக்கொண்டிருந்தது. பல்லக்கை இறக்கிவிட்டார்கள். இறக்கினது சின்னுசாமிக் கவுண்டரின் புதுவீட்டு வாசல், அந்த உரிமை தனக்கும் வேண்டும் என்று மூன்று வருஷமாக வழக்காடுகிறவர். தட்டோடு ஓடி வந்து, "அம்மனே நம்ம வாசல்ல நின்னுட்டாங்க, நான் என்னங்க பண்ணட்டும்" என்றார். நாலு வீட்டாரும் வந்து சேர்வதற்குள் பூசாரி தேங்காயை உடைத்தாயிற்று.

அன்று மத்தியானமே ஊர் கூடிவிட்டது. பன்னிரண்டு வருஷம் தவறாத நாயனம் சரியாக அந்த வாசலில் எப்படி நின்றது என்று கேட்டார்கள், சின்னுசாமி எனக்கு ஏதோ கொடுத்திருக்கிறார் என்பதை ஒருவரும் சொல்லவில்லை, எல்லாரும் நினைத்தார்கள். அந்தப் பேர் வந்துவிட்டால் அப்புறம் எந்தக் கோயிலும் எனக்குத் தாம்பூலம் வைத்து வாசிக்கக் கூப்பிடாது. சின்னான் எழுந்து, தான் எடுக்கத் தவறியதுதான் குற்றம் என்று கும்பிட்டான். செய்யாத தப்பை ஊரார் பிள்ளை தலையில் போட எனக்கு மனம் வரவில்லை. அதனால் சொல்லிவிட்டேன், "அது எம் பையன் எடுக்கற எடமுங்க, அவன் பக்கத்துல இல்லைங்கறதை மறந்துட்டேனுங்க." இரண்டரை வருஷமாக மறக்காதவன் அன்றைக்கு ஏன் மறந்தேன் என்று அவர்கள் கேட்கவில்லை, கேட்டிருந்தால் சத்திரத்துப் பேச்சையும் சொல்ல வேண்டியிருக்கும். நூறு பேர் நடுவில் அதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. ஒருவரும் சிரிக்கவில்லை. ஊர்ப் பெரியவர் மணியக் கவுண்டர் மட்டும், "பொய் சொல்றவர் இப்படியா சொல்லுவாரு. அடுத்த வருசம் பையனைக் கூட்டிட்டு வாங்க, இல்லாட்டிப் பக்கத்துல யாரு நிக்கறாங்கங்கற நெனப்போட வாங்க" என்றார். அவர் சொன்னது நியாயம்.

வழியெல்லாம் யோசித்துக்கொண்டுதான் வந்தேன். மறுநாள் சின்னானை இங்கே வரவழைத்து உட்கார வைத்து, எந்தப் பிடியில் நான் விடுவேன், எங்கே அவன் எடுக்க வேண்டும் என்று காட்டினேன். மூன்றாம் தடவையிலேயே பிடித்துக்கொண்டான். உன் குழைவு கிடையாது, ஆனால் சொன்ன இடத்தில் எடுக்கிறான். அப்படி அவன் எடுத்தபோது உள்ளே அரிசி புடைத்துக்கொண்டிருந்த உன் அம்மாள் முறத்தை அப்படியே போட்டுவிட்டு, "சாமி வந்திருச்சா" என்று, உன்னைக் கூப்பிடுகிற பேரைச் சொல்லிக் கேட்டுக்கொண்டே ஓடி வந்தாள். சின்னானைப் பார்த்தாள். வந்த பிள்ளைக்கு மோர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அதற்கப்புறம் முறத்தின் சத்தம் கேட்கவில்லை.

கந்தவேல், அங்கே நிலையாக உட்கார்ந்ததில் எனக்குக் கோபமில்லை. நல்ல கோயில், நல்ல மரியாதை என்று பெரியசாமி சொன்னார், சந்தோஷமே. என்னிடம் சொல்லாததுதான் வருத்தம். வீடு பார்த்த சங்கதியை உன் அம்மாளிடம் நான் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன், அதை நீதான் உன் கையால் எழுத வேண்டும். உன் இடத்தைச் சின்னானுக்குக் கொடுத்தாயிற்று, ஆடிப் பதினெட்டுக்குத் தாம்பூலத்தை அவன் பேரிலும் சேர்த்தே வாங்குவேன். ஆகையால் இனி வாசிக்க வருகிறேன் என்று எழுதாதே. எப்போது தோன்றுகிறதோ அப்போது வா, நாயனத்தை அங்கேயே வைத்துவிட்டுக் கைவீச வா, அவளுக்கு அதுவே போதும்.

உனக்கு ஆயுளும் மூச்சும் நீளமாக இருக்க அம்மனை வேண்டிக்கொள்கிறேன். அம்மாளுக்குக் கடிதம் எழுத மறக்காதே.

இப்படிக்கு,
உன் அப்பன்
நாயனம் மாதையன்