அக்காவின் ரேடாரும் அம்மாவின் நெத்திலியும்

அன்புள்ள பிரிஸ்கா அக்காவுக்கு, பட்டினப்பாக்கத்தில் என்னைத் தவிர எல்லாரும் நலம். விமானம் ஓட்டப் போன இடத்தில், கவுகாத்தியில் நீயும் நலமாயிருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன்.

முதல் தாள் அம்மா சொல்லச் சொல்ல நான் எழுதியது. இதை எல்லாரும் தூங்கியபின் போர்வைக்குள் டார்ச் வைத்து எழுதி அதே உறைக்குள் திணிக்கிறேன். போனில் சொல்லலாமென்றால் அம்மா ஸ்பீக்கரில் போடாமல் பேச விடுவதில்லை. தப்பு என்னுடையதுதான். நீ விட்டுப்போன இங்கிலீஷ் புத்தகத்தில் விமானத்து வானிலை ரேடார் பாடத்தை எடுத்து, என் இங்கிலீஷைக் காட்ட ஞாயிற்றுக்கிழமை தமிழில் சொன்னேன். திறந்தது ரேடாரின் குறைகள் உள்ள பக்கமாகப் போய்விட்டது. மழைத்துளிதான் அதற்கு நன்றாகத் தெரியும், மழையில்லாத இடத்துக் காற்றுக் குலுக்கல் தெரியாது, பெருமழைக்குப் பின்னால் இன்னொன்று நின்றால் முதல் மழையே மறைத்துவிடும், திரையில் காலியாக, கறுப்பாகத் தெரிவதை வழி என்று நம்பக் கூடாது என்றேன். அம்மா மீன் அரிவதை நிறுத்திவிட்டாள். “மழ மட்டுந்தான் தெரியும்னா மீதிக்கு இவ இன்னா கண்ண மூடிக்கினு ஓட்றாளா” என்றாள். அப்பா உனக்காகப் பரிந்து, “நம்ம போட்ல கீற மீன் தேட்ற மிஷினு மட்டும் மீனு பேரா சொல்லுது, புள்ளிதான் காட்டுது, நாம போவல” என்றார். “அதான் நாலு நாளா வெறுங்கூடையா வர்றியே” என்று அவர் வாயை அடைத்துவிட்டாள்.

ஈக்காட்டுத்தாங்கலில் இருக்கும் உன் கம்பெனி ஆபீசுக்கு இரண்டு கிலோ வஞ்சிரத்தோடு போய், வெயில் நாளில் மட்டும் பெண்ணுக்கு வண்டி கொடுங்கள் என்று கேட்கப் புடவைகூட எடுத்து வைத்தாள். நீ அங்கே தலைகாட்ட முடியாதே என்றுதான் இன்று சாயங்காலம் நல்ல பக்கத்தைத் தேடிப் படித்துக் காட்டினேன். நூறு மைலுக்கு அப்பால் பெய்யும் மழையை இருட்டிலும் காட்டும், சுற்றிப்போக நேரம் கிடைக்கும் என்றேன். அம்மா விரலால் மேலே காட்டி, “அம்மாந் தூரத்து மழ தெரியுதுன்னா, மாடில நெத்திலி காயுது, ஒரு போன் போட்டு சொல்றதுக்கு இவளுக்கு இன்னா” என்றாள். புடவை பீரோவுக்குள் போய்விட்டது. முதல் தாளில் உனக்கு வந்திருக்கும் கட்டளை அதுதான், சிரிக்காதே.

விமானத்தின் மூக்குக்கு முன்னால் இருப்பதைத்தான் அந்த ரேடார் பார்க்கும், கவுகாத்தியிலிருந்து நம் மொட்டைமாடி தெரியாது என்பதை நான் சொல்லவில்லை. நீயும் சொல்லாதே. தினமும் செய்தியில் சென்னை வானிலையைப் பார்த்துவிட்டு, ரேடாரில் தெரிந்தது என்று சொல்லிவிடு. ஆசீர்வாதம் எல்லாம் அம்மாவின் தாளில் இருக்கிறது. இதைப் படித்ததும் கிழித்துவிடு. சந்தேகமான நாளில் மழை வரும் என்றே சொல், நெத்திலி ஒரு நாள் தாமதமாகக் காயட்டும்.

பயத்துடன்,
உன் தங்கை ஜெனிதா, ஒன்பதாம் வகுப்பு