அவள் கழற்றினாள்

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கை எழுதுவது. அம்மா நலம், மாத்திரையை மட்டும் நாக்கடியில் ஒளித்து என்னை ஏமாற்றுகிறாள். அண்ணிக்கு முதுகுவலி குறைந்ததா? எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. மனசுதான் சரியில்லை.

சலவை ஆலையில் என்னோடு துணி தேய்க்கும் சூட்டு உருளையில் நிற்கும் அக்காவைப் பற்றி எழுதியிருந்தேனே. படுக்கை விரிப்பின் ஒரு முனை அவர் கையில், மறுமுனை என் கையில். விரிப்பு சிக்கி வேலை தாமதமாகிறது என்று சூப்பர்வைசர் எங்கள் இருவரையும் கூப்பிட்டு, விரல் போகாமல் தடுக்கும் கம்பியைக் கழற்றச் சொன்னான். கழற்றினோம். மறுநாளே உருளை அக்காவின் வலது கையை இழுத்துவிட்டது. நான்கு விரல்கள் வெந்துவிட்டன.

விபத்து அறிக்கையை ஆங்கிலத்தில் எழுத என்னைத்தான் பிடித்தார்கள். சூப்பர்வைசர் எங்களிடம் சொன்னான் என்ற இடத்தில் 'ஷி அண்ட் ஐ' என்று எழுதினேன். மேனேஜர் சிவப்பு மையில் சுழித்து, 'ஹெர் அண்ட் மீ' என்று வர வேண்டும் என்றார். எல்லா இடத்திலும் மாற்றினேன். நாங்கள் கழற்றினோம் என்ற இடத்தில் அது தப்பாம், அங்கே 'ஷி அண்ட் ஐ'தானாம். மூன்றாம் முறையும் தாள் திரும்பி வந்தது. வெந்த கையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை, சீ! கடைசியில் தேன் ஒழுகச் சொன்னார்: "ரெண்டு பேரைச் சேத்து எழுதறதாலதாம்மா குழப்பம். உன்னை எடுத்துடு. 'ஷி'ன்னு மட்டும் போட்டா தப்பே வராது."

அவரே டைப் அடித்தும் கொடுத்தார். தடுப்பை அவள் கழற்றினாள் என்று ஒரே வரி. அதில் சூப்பர்வைசரும் இல்லை, நானும் இல்லை. சிவப்புக் கோடு இல்லாத தாளைப் பார்த்து, அப்பாடா என்று கையெழுத்துப் போட்டேன் அண்ணா. அந்த அப்பாடாவை நினைத்தால் அவர்கள் மேல் வருவதைவிட என் மேல்தான் அதிக அருவருப்பு வருகிறது.

தானாகக் கழற்றினார் என்று அக்காவை வேலையை விட்டு நீக்கிவிட்டார்கள். நேற்று போய்ப் பார்த்தேன். ஆங்கிலம் படிக்கத் தெரியாதவர். கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, "யாரோ மாத்தி எழுதிட்டாங்க போலிருக்கு. நல்லவேளை, நீ எழுதினது ஒண்ணு இருக்குல்ல?" என்றார். நான் தலையாட்டிவிட்டு வந்தேன்.

பதினைந்தாம் தேதி தொழிலாளர் அலுவலகத்தில் விசாரணை. நடந்ததை நானே மறுபடி ஆங்கிலத்தில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். நீ ஆங்கில வாத்தியார், கை துறுதுறுக்கும். 'ஐ', 'மீ' எதையும் திருத்தாதே அண்ணா. கழற்றியதில் நானும் இருந்தேன் என்று படிக்கிறவருக்குப் புரிகிறதா? அதை மட்டும் உடனே எழுது.

உன் தங்கை