முழு டிக்கெட்

அக்டோபர் 12

வேலூரிலிருந்து தேதி வந்துவிட்டது. ஜனவரி 9. சர்பாணிக்கு ஐந்தாம் வருடப் பரிசோதனை. ஐந்து வருடம் தாண்டிவிட்டால் அப்புறம் அவ்வளவு பயமில்லை என்று டாக்டர் முதல் தடவையே சொல்லியிருந்தார்.

இத்தனை வருடமும் ஹவுராவில் ஏறுவோம், காட்பாடியில் இறங்குவோம். ஆஸ்பத்திரி, லாட்ஜ், ஆஸ்பத்திரி, மறுபடி காட்பாடி. வேலூருக்கு வைத்தியத்துக்குப் போகிற வங்காளிகள் பாதிப் பேர் அப்படியே ராமேஸ்வரம், கன்யாகுமரி என்று ஒரு சுற்று சுற்றிவிட்டுத்தான் ஊர் திரும்புவார்கள். நாங்கள் ஒரு தடவைகூடப் போனதில்லை. ஒவ்வொரு தடவையும் மருந்துச் செலவு போக என்னிடம் மிச்சமிருந்தது என் மனைவி மட்டும்தான். அதுவே போதுமென்று இருந்தது.

இந்தத் தடவை போகிறோம். முதலாளியிடம் லீவு சொல்லிவிட்டேன். மூக்குக்கண்ணாடிக் கடை இரண்டு வாரம் நானில்லாமல் ஓடட்டும். ஓடாவிட்டால் இன்னும் நல்லது, என் அருமை தெரியும்.

அக்டோபர் 13

ரயில் வரைபடத்தைச் சாப்பாட்டு மேஜையில் விரித்தேன். மதுரையின் மேல் மீன் குழம்பு கொட்டிவிட்டது.

அக்டோபர் 17

திட்டம் தயார் என்று நினைத்தேன். நேராக வேலூர். டாக்டரைப் பார்த்துவிட்டு நிம்மதியாகத் திருச்சி, மதுரை, ராமேஸ்வரம், கன்யாகுமரி. அங்கிருந்து ஹவுராவுக்கு நேர் ரயில். ஒரு கோட்டைக்கூட அழித்து எழுதவில்லை, அவ்வளவு சுத்தமாக வந்திருந்தது.

சர்பாணி பார்த்தாள். விரலைக் கன்யாகுமரியில் வைத்து மேலே இழுத்துக்கொண்டு வந்து வேலூரில் நிறுத்தினாள். இப்படிப் போவோம் என்றாள். டாக்டர் கடைசியில்.

எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. மனதில் அதை வைத்துக்கொண்டு யாராவது ஊர் பார்ப்பார்களா? முதலில் விஷயம் தெரிந்துவிட்டால் நல்லதுதானே என்று கேட்டேன்.

"தெரிஞ்சப்புறம் நல்லதோ கெட்டதோ, நீங்க என் மூஞ்சியத்தான் பாத்துக்கிட்டு வருவீங்க. கடலை எங்க பாக்கப் போறீங்க?"

நான் அப்படியா செய்கிறேன்? செய்கிறேன்தான் போலிருக்கிறது.

அக்டோபர் 18

பேச்சுவார்த்தை இல்லை. பருப்பில் உப்பும் இல்லை.

அக்டோபர் 23

சர்பாணியின் தம்பி புலக் வந்திருந்தான். அக்கா கையால் நெற்றியில் சந்தனம் வைத்துக்கொள்கிற நாள். சந்தனம் காய்வதற்குள் ஒரு தட்டு லூச்சிப் பூரி உள்ளே போய்விட்டது. அவனுக்கு வைத்தியமே வேண்டியதில்லை, இலை போட்டால் போதும்.

வழக்கை அவனிடம் கொண்டுபோனேன். அவன் என் பக்கம் சாய்ந்தான். அன்பினால் அல்ல, கணக்கினால். "அத்தான் சொல்றதுதான் சரிக்கா. நேரா வேலூர் போனா கேன்சர் நோயாளிச் சலுகைல உனக்கு டிக்கெட்டே கிடையாது, அத்தானுக்குக் கால் டிக்கெட். சுத்திக்கிட்டுப் போனா ரெண்டு பேருக்கும் முழுசா அழணும்."

சர்பாணி கரண்டியைக் கீழே வைத்தாள். போன வருட ரயிலைப் பற்றிச் சொன்னாள். நான் பக்கத்திலேயே இருந்தேன், ஆனால் இதையெல்லாம் பார்க்கவில்லை. டிக்கெட் பரிசோதகர் பட்டியலில் அவள் பெயரைப் பார்த்ததும் குரலைத் தணித்துக்கொண்டாராம். எதிர் சீட்டுக்காரரின் காதில் ஏதோ சொன்னாராம். அதுவரை அரசியலில் அடித்துக்கொண்டிருந்த மனிதர்கள் கப்சிப். ஒரு அம்மாள் தன் குழந்தையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். ஹவுரா வரும்வரை யாரும் இவளிடம் உரக்கப் பேசவே இல்லையாம். எனக்கு அன்று நினைவிருப்பது அவளுக்குக் கீழ் பெர்த் கிடைத்த சந்தோஷம் மட்டும்தான்.

"அஞ்சு வருஷமா நோயாளி டிக்கெட்ல போறேன்டா. ஒரே ஒரு தடவை முழு டிக்கெட் எடுத்து ஊர் பாக்கப் போறேன். அதுக்கப்புறம் டாக்டர் என்ன வேணா சொல்லட்டும்."

புலக் வாயிலிருந்த லூச்சியை மெல்லாமல் உட்கார்ந்திருந்தான். நான் எழுந்துபோய்க் கை கழுவினேன், இன்னும் சாப்பிட ஆரம்பிக்கவே இல்லை என்றாலும்.

அக்டோபர் 24

திட்டத்தைத் தலைகீழாக எழுதினேன். அழகாகத்தான் இருக்கிறது. என்னுடையதைவிட நன்றாக இருக்கிறது என்று இங்கே மட்டும் எழுதி வைக்கிறேன்.

சலுகை போனதில் துண்டு விழுகிறது. ஓட்டல் வேண்டாம், மடங்களின் விடுதிகள். பகல் பயணமெல்லாம் முன்பதிவில்லாத பெட்டி. எனக்கு இந்தக் குளிருக்குப் புதுக் கோட்டு கிடையாது. மாலையில் புலக் வந்து ஒரு உறையை நீட்டினான். கடனா என்றேன். "அக்கா முழு டிக்கெட்டுக்கு அரை டிக்கெட் என் பங்கு அத்தான். உங்க டிக்கெட்ட நீங்களே பாத்துக்கங்க" என்றான். தின்னிப்பயல். நன்றாக இருக்கட்டும்.

அக்டோபர் 30

இன்று முன்பதிவு திறக்கிற நாள். எங்கள் ஊர் சந்தன்நகர் முழுக்க ஜகத்தாத்ரி பூஜைக் கூட்டம். போனில் சிக்னல் இல்லை. மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிமேல் ஏறி நின்றேன். சர்பாணி கீழே என் வேட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள், விழுந்துவிடுவேனாம். வேட்டி போனால் பரவாயில்லையா?

கிடைத்துவிட்டது. ஒரு நடு பெர்த், ஒரு மேல் பெர்த். கீழ் பெர்த் இல்லை. வருத்தப்படுவாளோ என்று பார்த்தேன். போனை வாங்கி, கல்யாணப் பத்திரிகை படிப்பதுபோல் மேலிருந்து கீழே படித்தாள். கடைசியில், "ரெண்டு பேருக்கும் ஒரே காசு போட்டிருக்கான்" என்றாள்.

டிசம்பர் 21

பெட்டி கட்டுகிறோம். கன்யாகுமரியில் குளிராது என்று எத்தனை சொல்லியும் இரண்டு குரங்குக் குல்லா வைத்திருக்கிறாள். பொரி, ஓமத் தண்ணீர், வயிற்று மாத்திரை. வங்காளி வயிறு எங்களுக்கு முன்னால் கிளம்பிவிட்டது.

டிசம்பர் 30, ரயிலில்

இதை மேல் பெர்த்தில் குனிந்துகொண்டு எழுதுகிறேன்.

கீழ் பெர்த்தில் மேதினிபூர்க்கார அம்மாள் ஒருத்தி. உடம்பும் பெரியது, குரலும் பெரியது, ஊறுகாய் ஜாடிகள் மட்டும் ஒரு மூட்டை. நேற்று ஏறிய கொஞ்ச நேரத்தில் ஆரம்பித்தது. அவளுக்குப் பட்டப்பகலில் படுக்க வேண்டும். சர்பாணிக்கு ஜன்னலோரம் உட்கார வேண்டும்.

"பகல்ல எல்லாரும் உக்காந்துதான் வரணும். படுக்கணும்னா மேல போங்க."

"நான் ஏன்மா போறேன்? கல்லுக்குண்டு மாதிரி இருக்கே, நீ ஏறு."

நான் வாயைத் திறந்தேன், அவளுக்கு உடம்பு... என்று சொல்ல. சர்பாணி ஒரு பார்வை பார்த்தாள். மூடிக்கொண்டேன்.

சண்டை புவனேஸ்வர் தாண்டியும் போயிற்று. ரேஷன் கடையில்கூட அவள் இப்படிச் சண்டை போட்டு நான் பார்த்ததில்லை. முகம் சிவந்து, கையை நீட்டி, குரல் கம்மிப்போய். பரிசோதகர் வந்தார், டிக் போட்டார், ரெண்டு பேரையும் சத்தம் போடாதீங்கம்மா என்று அதட்டிவிட்டுப் போனார். அதட்டினார்!

ராத்திரி அந்த அம்மாளின் மாங்காய் ஊறுகாய் எங்கள் பொரியில் இருந்தது. அவள் பெயர்கூடத் தெரியாது. அவள் குலம் தழைக்கட்டும். என் மனைவியைக் கல்லுக்குண்டு என்று சொன்னவள். மேலே ஏறிப் படுத்துக்கொண்டு, சத்தம் வராமல் கொஞ்சம் அழுதேன். சந்தோஷத்தில்தான்.

ஜனவரி 1, கன்யாகுமரி

புத்தாண்டுக் கூட்டத்தில் சூரியனைவிடத் தலைகள்தான் அதிகம் தெரிந்தன. குரங்குக் குல்லா போட்டவர்களெல்லாம் நம் ஊர்க்காரர்கள், அடையாளம் கேட்கவே வேண்டாம். கடலைப் பார்த்தேன். சத்தியமாக. அவளை ஒன்றிரண்டு தடவைதான்.

ஜனவரி 5

மதுரை. என் செருப்பு அறுந்தது. அவள் கால் வலிக்கிறது என்று ஒரு முறைகூடச் சொல்லவில்லை, நான்தான் சொன்னேன்.

ஜனவரி 8, வேலூர்

பழைய லாட்ஜ், அதே மண்ணெண்ணெய் வாசனை. அவள் தூங்கிவிட்டாள். எனக்குப் பயமாக இருக்கிறது. எழுதினால் குறையும் என்று பார்த்தேன். குறையவில்லை.

ஜனவரி 9

ஒன்றுமில்லை. ஒன்றுமே இல்லையாம். இனி வருடம் ஒரு தடவை சந்தன்நகரிலேயே பார்த்துக்கொள்ளலாமாம். கடவுளே.

ஜனவரி 10

வேறு டெஸ்ட் ஏதாவது எழுதினால் இருக்கட்டும் என்று திரும்புகிற டிக்கெட்டை நாளை மறுநாளைக்கு எடுத்திருந்தேன். வேலூரில் வேலையில்லாமல் விழித்தது இதுதான் முதல் தடவை. என்ன செய்வதென்றே தெரியவில்லை. இத்தனை திட்டம் போட்டவனிடம் இன்றைக்கு ஒரு திட்டமும் இல்லை.

சர்பாணி நல்ல புடவையைக் கட்டிக்கொண்டு வந்து நின்றாள். இங்கே ஒரு கோட்டை இருக்கிறதாமே என்றாள். இருக்கிறது. எத்தனையோ தடவை ஆட்டோவில் அதன் பக்கமாகவே போயிருக்கிறோம். நான் ரிப்போர்ட் பையைப் பார்த்துக்கொண்டிருப்பேன், அவள் கண்ணை மூடியிருப்பாள்.

தெருமுனையில் ஆட்டோக்காரர் எங்கள் முகத்தைப் பார்த்ததுமே வங்க மொழியில் ஆரம்பித்துவிட்டார். இங்கே எல்லோருக்கும் நாலு வார்த்தை தெரியும், அத்தனை பேர் நம் ஊரிலிருந்து வருகிறோம். "வாங்கம்மா, ஆஸ்பத்திரிதானே? யாருக்கு உடம்பு சரியில்ல?"

"யாருக்கும் இல்லப்பா" என்றாள் சர்பாணி. "ஊர் பாக்க வந்திருக்கோம்."

அவர் நம்பவில்லை. என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். அவள் ஏறி உட்கார்ந்து கோட்டைக்கு எவ்வளவு என்று பேரம் பேச ஆரம்பித்தாள்.