மச்சானும் மலைமேல் டவரும்

மார்ச் 4, திங்கள்

காலையில் மலைமேல் செல்போன் டவரைச் சுற்றிப் புல் வெட்டினேன். மாலையில் நர்ஸ் தொக்காசா ஒரு தாளைக் கொடுத்து, "அப்பாகுகி, நீ வாசிச்சாத்தான் ஊர் கேக்கும்" என்றாள். டவர் அலையைப் பற்றிய விளக்கமாம். நாலாம் வகுப்போடு நின்றவனிடம் "அதிர்வெண்", "கதிர்வீச்சு"! எழுத்துக்கூட்டியே நாக்கு சுளுக்கிக்கொண்டது.

ராத்திரி ஊர்க்கூட்டத்தில், எல்லோரும் குடிக்கும் யங்கோனா வேர்ச்சாற்றுக் கிண்ணம் சுற்றி வரும்போது வாசிக்கத் தொடங்கினேன். எதிரில் என் தாய்மாமன் மகன் இசிகேலி. டவர் வந்ததிலிருந்து தலைவலி என்று புலம்புகிறவன். எங்கள் வழக்கத்தில் மச்சானைக் கிண்டல் செய்யாமல் விட்டால், உடம்பு சரியில்லையா என்று கேட்பார்கள். விடுவேனா? "மச்சான், டவர் உன் மண்டையைத்தான் அவிக்குது. பானையைக் கவுத்துக்கிட்டுத் தூங்கு" என்றேன். கிண்ணம் கொட்டும் அளவுக்குச் சிரிப்பு. அதற்குமேல் யாருக்கு வாசிப்பு வேண்டும்? தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன்.

மார்ச் 6

இன்றும் நான்கு பேர் பானைக் கதையைத் திரும்பச் சொல்லக் கேட்டார்கள்.

மார்ச் 12, செவ்வாய்

மலைக்குப் பின்னால், சிக்னல் எட்டாத தன் தோட்டத்துக் குடிசைக்கே இசிகேலி போய்விட்டான். போய்ப் பார்த்தால், கையில் அலுமினியப் பானை. போனை வீட்டில் பிஸ்கட் டின்னுக்குள் போட்டு மூடிவிட்டானாம். வயிறு வலிக்கச் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. அது சும்மா சொன்னது என்றேன்.

"சும்மான்னு சொல்றதுதான் இப்ப கிண்டலா, மச்சான்? நீ என்னிக்கு என்கிட்ட நிஜம் பேசின?"

யோசித்துப் பார்த்தேன். ஒரு நாளும் இல்லை.

மார்ச் 21

எழுத வரவில்லை.

இசிகேலி சேம்பு வயலில் விழுந்து கிடந்தான். எவ்வளவு நேரமாகக் கிடந்தானோ. சோறு கொண்டுபோன அவன் பெண்டாட்டி லித்தியானாதான் பார்த்தாள். கூப்பிடப் போன் இல்லை. மலையேறி ஓடிவந்து, டவரடியில் புல் வெட்டிக்கொண்டிருந்த என்னிடம் சொன்னாள். அந்த டவரடியில் நின்றுதான் ஆஸ்பத்திரிப் படகுக்குப் போன் செய்தேன். அவன் வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. அவனைப் படகில் ஏற்றும்போது லித்தியானா அந்தப் பானையைக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள். எதுக்கு வெச்சிருக்க? கீழே போடேன்!

மார்ச் 22

ரத்த அழுத்தம் ஏறி வந்த பக்கவாதமாம். அழுத்தம் பல மாதமாகவே இருந்திருக்குமாம். தலைவலி அதனால்கூட வந்திருக்கலாம் என்கிறார்கள்.

அன்று போட்டிருந்த சட்டையின் பையில் அந்தத் தாள் இன்னும் இருக்கிறது. இன்றுதான் கீழ்ப்பாதியைப் பார்த்தேன். 'இவை வானொலி அலையின் இனம். உடல் அணுக்களை உடைக்கும் வலு இல்லை. நம் டவரின் அளவு, பாதுகாப்பு வரம்புக்கு மிகக் கீழே. தலைவலி விடாமல் இருந்தால் டவரைப் பழிக்காமல் ரத்த அழுத்தம் பாருங்கள்.'

நாலு வரி. நாலே வரி. படிச்சிருந்தா என்னடா கெட்டுப்போயிருக்கும் உனக்கு?

ஏப்ரல் 3

பிழைத்துக்கொண்டான். வலது கை எழும்பவில்லை. ஆஸ்பத்திரியில் அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். கிண்டல் ஒன்றுகூட வாயில் வரவில்லை.

மே 10, வெள்ளி

இசிகேலி ஊர் திரும்பிய பின் முதல் கூட்டம். தொக்காசாவிடம் கேட்டு நானே எழுந்து தாளை வாசித்தேன், மேலிருந்து கடைசி வரி வரை. இப்போது கிண்டல் வரும், இப்போது வரும் என்று எல்லோரும் என் வாயையே பார்த்தார்கள். முடித்து உட்கார்ந்தேன். அழுத்தம் பார்க்கும் பட்டையோடு தொக்காசா காத்திருந்தாள். யாரும் எழவில்லை.

இசிகேலி தன் இடது கையால் என் சட்டைக் கையை மெல்ல மேலே சுருட்டினான்.

"மொதல்ல... இவனுக்கு," என்றான், குழறலாக. "மண்டை... காலி. அளந்து பாரு."

கூட்டம் வெடித்துச் சிரித்தது. நான் கையை நீட்டினேன். பின்னால் வரிசை கதவுவரை போயிற்று.